டிவி சுத்துது!

இன்டர்நெட்டில் டிவி பார்க்கிற வீட்டிலெல்லாம் ஒரு வட்டம் குடியிருக்கிறது. சரியாக மாமியார் வாயைத் திறக்கிற நேரம் பார்த்துப் படம் உறைந்துவிடும், நடுவில் அது மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கம்மா பாஷையில் "டிவி சுத்துது". யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஸ்பீடு பத்தலைங்க, பெரிய பிளானுக்கு மாறிடுங்க."

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக பேங்க் உத்தியோகம், அதில் கடைசி எட்டு வருஷம் பஹ்ரைனில். ஆனால் இந்தப் "பெரிய பிளான்" பேச்சைக் கேட்டாலே எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். ஓவர்டிராஃப்ட் லிமிட்டைக் கூட்டிக் கொடுங்க சார் என்று வருகிற வியாபாரி சொல்வதும் இதேதான்: "பணம் பத்தலை." உடனே கையெழுத்துப் போட்டால் நான் ஆபீசர் இல்லை. பணம் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சரக்கில் முடங்கியிருக்கலாம், வர வேண்டிய பாக்கியில் முடங்கியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் லிமிட்டைக் கூட்டினால் அடுத்த வருஷம் அதே ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் சொல்வார்.

டிவிக்கும் அதே கணக்குதான். எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் ஊர். கோபாலபுரம் என்றதும் சென்னை கோபாலபுரத்துக்குப் போய்விடாதீர்கள். எங்களுடையது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற வழியில், செக்போஸ்ட் இருக்கிற கோபாலபுரம். தாலுகா சித்தூர், மாநிலம் கேரளா, வீட்டுப் பேச்சு தமிழ். தென்னந்தோப்பு நடுவில் பழைய வீடு. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு எழுபத்து நாலு. இங்கே வந்து இரும்மா என்றால், "தோப்ப ஆரு பாக்கறது கண்ணு?" என்பார். தங்கை பொள்ளாச்சியில். சனிக்கிழமை வந்து போவாள். மற்ற நாட்களில் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் பேசுகிற குரல் டிவி மட்டும்தான்.

2024-ல் எங்கள் பக்கம் கேபிள்காரர் பழைய வயரையெல்லாம் சுருட்டிவிட்டு ஃபைபர் இழுத்தார். ஒரே இழையில் இன்டர்நெட்டும் டிவியும். 50 எம்பிபிஎஸ் பிளான். ஒரு மாசம் ஜோராக ஓடியது. அப்புறம்தான் வட்டம் வந்தது. அம்மா புகார் சொல்கிற ஆள் இல்லை. "சரி உடு, நான் நேரத்துலயே படுத்துக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. ஒன்பது மணிவரை சீரியல் பார்த்து, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று எனக்குப் போனில் கதை சொல்கிற அம்மா, ஏழரைக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறார். அந்த ஃபைபர்தான் எனக்கு வீடியோ காலுக்கும் வழி என்பது இன்னொரு பக்கம்.

சரி, வட்டம் ஏன் சுற்றுகிறது?

இணையத்தில் வரும் படம் ஆறு போல ஒரே ஓட்டமாக வருவதில்லை. துண்டு துண்டாக வருகிறது. 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். என்ற முறையைத்தான் இன்றைக்கும் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். ஆரம்பத்தில் ஒரு துண்டுக்குப் பத்து நொடி, பிறகு ஆறு நொடி என்று அவர்களே பரிந்துரைத்தார்கள். டிவிப் பெட்டி சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கிக் கையிருப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டும். எங்கள் பாஷையில் சொன்னால், அது கேஷியரின் கையில் இருக்கிற ரொக்கம். பின்னால் கரன்சி வண்டி வந்துகொண்டே இருக்கிற வரை கவுண்டரில் பட்டுவாடா நடக்கும். வண்டி தாமதித்தால் கையிருப்பு கரையும். கரைந்து முடிந்ததும் கவுண்டரைச் சாத்த வேண்டியதுதான். அந்தச் சாத்திய கவுண்டர்தான் வட்டம்.

கெட்டிக்காரக் கேஷியர் உடனே சாத்த மாட்டார். "இப்போதைக்கு இரண்டாயிரம் வாங்கிக்குங்க, மீதி அப்புறம்" என்பார். பெட்டியும் அதைச் செய்கிறது. வரத்து குறைந்தால் தரத்தைக் குறைத்து மங்கலான படத்தை வாங்கிச் சமாளிக்கும். அதனால் முதல் கேள்வி இது: படம் மங்கி, மங்கி, அப்புறம் சுற்றுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் வரத்து படிப்படியாகக் குறைகிறது. பளிச்சென்று இருந்த படம் திடீரென்று உறைகிறதா? எங்கேயோ தொடர்பு அறுபடுகிறது, அல்லது பெட்டிக்கே உடம்பு சரியில்லை.

இப்போது லிமிட் கணக்கு. நல்ல எச்.டி. படத்துக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் போதும். நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளருக்குச் சொல்கிற அளவும் அதுதான், 4கே என்றால் 15. வீட்டில் இருப்பதோ ஒரே டிவி, ஒரே அம்மா. 50-க்குச் சாங்ஷன் இருக்கிறது, தேவை 5. பத்து மடங்கு லிமிட் வைத்திருக்கிற கணக்கில் செக் திரும்புகிறது என்றால் நான் லிமிட்டைப் பார்க்க மாட்டேன், வேறு எங்கேயோ பார்ப்பேன்.

எங்கே என்று பார்ப்பதற்கும் பேங்க்கில் வழி உண்டு. லெட்ஜர் கையால் எழுதின காலத்து ஆட்கள் சொல்லிக் கொடுத்தது. டிரையல் பேலன்ஸில் வித்தியாசம் வந்தால் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா பார், 45 என்பதை 54 என்று யாரோ மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டால் வகுத்துப் பார், அந்தப் பாதித் தொகை தப்பான பக்கம் ஏறியிருக்கலாம். வித்தியாசத்தின் குணத்தைப் பார்த்து, தப்பு எந்தப் பாதியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, இன்னொரு பாதியைத் தள்ளிவிடு. அப்புறம் மறுபடி பாதி.

அதையே செய்தோம். தங்கை மகன், பொள்ளாச்சியில் கல்லூரி படிக்கிறவன், சனிக்கிழமை சாயங்காலம் கோபாலபுரத்தில். நான் மனாமாவில் போனைப் பிடித்துக்கொண்டு. இரண்டரை மணி நேர வித்தியாசம், அங்கே எட்டு என்றால் இங்கே ஐந்தரை.

சின்ன வயதில் ஆண்டெனா திருப்பினது ஞாபகம் வருகிறதா? அப்பா ஓட்டு மேல் நின்று குழாயைத் திருப்புவார், ஜன்னலில் நான், டிவி முன்னால் அம்மா. "வருதா?" "இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... அய்யோ போச்சு!" கொடைக்கானல் பக்கம் திருப்பினால் தமிழ். அதேதான் இப்போதும், ஓட்டுக்கும் டிவிக்கும் நடுவில் கடல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதல் பாதி: சேனலா, வீடா? ஒரே சேனல் மட்டும் சுற்றினால் கோளாறு அனுப்புகிற இடத்தில். எல்லாம் சுற்றினால் நம் பக்கம். எங்களுக்கு எல்லாமே சுற்றியது. அனுப்புகிறவர்களின் கொள்ளளவைக் குறைவாக நினைக்காதீர்கள். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். நம் ஊர் சீரியலுக்கு அவ்வளவு கூட்டம் வராது.

இரண்டாவது பாதி: பெட்டியா, லைனா? பையன் தன் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவிப் பெட்டியை அதில் இணைத்தான். அரை மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. பெட்டி நிரபராதி. ஆனாலும் அம்மா அதன் மேல் பூ வேலை செய்த துணி போட்டு மூடி வைத்திருந்ததை எடுக்கச் சொன்னேன். "தூசு படியுமே" என்றார். தூசு படிந்தால் தட்டிக்கொள்ளலாம். இந்தப் பெட்டிகள் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் வட்டமாகத்தான் தெரியும்.

மூன்றாவது: வைஃபையா, வெளி லைனா? மோடம் உள் அறையில், இரும்பு பீரோவின் மேல். டிவி முன் ஹாலில். நடுவில் எங்கள் தாத்தா காலத்துச் சுவர், ஒரு முழம் கனம். இரும்பும் கனத்த சுவரும் வைஃபைக்கு ஆகாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தாண்டும், ஆனால் புளூடூத்திலிருந்து மைக்ரோவேவ் அடுப்பு வரை எல்லாரும் அதே தெருவில்தான் நடமாட்டம். பதினைந்து மீட்டர் லேன் வயர் வாங்கி, கதவு நிலை ஓரமாக ஓட்டி, மோடத்தையும் பெட்டியையும் நேராக இணைத்தான். பகல் நேரத் தடங்கல் அன்றோடு தீர்ந்தது.

ஆனால் ராத்திரி எட்டு மணி வட்டம் தீரவில்லை. ஒரு வித்தியாசத்துக்குள் இரண்டு தப்பு ஒளிந்திருந்தால் இப்படித்தான். ஒன்றைச் சரி செய்த பிறகுதான் மற்றது தன் உருவத்தைக் காட்டும்.

இந்த இடத்தில் அம்மாவிடம் ஒரு வேலை கொடுத்தேன். சுத்தினால் மணி பார்த்துத் தினசரி காலண்டர் தாளில் எழுதி வைக்கச் சொன்னேன். இரண்டு வாரம். அம்மா அந்தக் காலத்து எட்டாங் கிளாஸ், கணக்கில் சுத்தம். தாள்களைக் கிழித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். பையன் படமெடுத்து அனுப்பினான்.

"8.10 சுத்துது. 8.25 சுத்துது. 8.40 நின்னு போச்சு." அடுத்த நாள், "8.05 சுத்துது. 8.30 சுத்துது. 9.50 நல்லா ஓடுது, ஆனா கதை முடிஞ்சிருச்சு." ஞாயிற்றுக்கிழமைத் தாளில், "மத்தியானமே சுத்துது." செப்டம்பர் 30 தாளில், "8.15 சுத்துது. இன்னிக்கு ஆரும் போன் பண்ணலை." காலாண்டு முடிவு, நான் ஆபீசை விட்டுக் கிளம்பும்போது ஊரில் நடுராத்திரி. அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

கணக்குத் தெளிவாகிவிட்டது. வாரநாளில் எட்டு முதல் ஒன்பதரை, விடுமுறை நாளில் பகலிலும். ஊரே டிவி முன்னால் உட்காருகிற நேரம். மதியம் மூன்று மணிக்கு ஒரு தடங்கலும் இல்லை. வீட்டுக்குள் கோளாறு என்றால் அது மணி பார்த்து வராது.

அடுத்த சனிக்கிழமை ஒரு பரிசோதனை. லேன் வயரில் லேப்டாப்பைச் செருகி 'பிங்' கொடுத்தான். பிங் என்றால் கதவைத் தட்டி "இருக்கீங்களா?" என்று கேட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. மூன்று மணிக்கு எங்கள் மோடத்தைத் தட்டினால் ஒரு மில்லிநொடியில் பதில். அதற்கு அடுத்த கதவு, அதாவது கம்பெனியின் முதல் வாசல், ஐந்து மில்லிநொடி. எட்டரை மணிக்கு மறுபடி தட்டினான். எங்கள் மோடம் அதே ஒன்று. அடுத்த கதவு 180, 240, சில தட்டலுக்குப் பதிலே இல்லை. அவ்வளவுதான், தப்பு எந்தப் பக்கத்தில் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வீட்டு வாசலுக்கு வெளியே, கம்பெனி வாசலில்.

ஃபைபர் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ராஜபாட்டை என்று நினைப்போம். அப்படி இல்லை. கம்பத்திலோ தெருமுனையிலோ ஒரு சின்னப் பெட்டியில் ஒரே இழையின் ஒளியைப் பிரித்து 16, 32 என்று வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். இப்படி வருகிற எல்லாத் தெருவும் சேர்ந்து மேலே போகிற ஒரு பொதுவான பாதையில் நுழைகின்றன. அந்தப் பாதை குறுகலாக இருந்தால் என் வீட்டு 50-ஐ 200 ஆக்கினாலும் பிரயோஜனம் இல்லை. செக்போஸ்ட்டில் லாரி வரிசை நிற்கிறபோது நம் வண்டிக்குப் பெரிய இன்ஜின் போட்டு என்ன ஆகப் போகிறது?

முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே 100 எம்பிபிஎஸ் பிளானின் விலையைச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லி, புகாருக்கு டாக்கெட் எண் மட்டும் வாங்கிக்கொண்டேன். இது முக்கியம். தொலைத்தொடர்புப் புகார்களுக்கு டிராய் 2012-ல் போட்ட விதிப்படி டாக்கெட் எண் கொடுத்தாக வேண்டும். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதை வைத்துத்தான் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். வவுச்சர் எண் இல்லாத பட்டுவாடாவை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்புறம் உள்ளூர் ஆளுக்கு அம்மாவின் காலண்டர் தாள்களையும், பிங் எண்களையும் ஒரே பக்கமாகத் தொகுத்து அனுப்பினேன். கோபமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் அரை மணியில் கூப்பிட்டார். "சாரே, எல்லாரும் ஸ்லோ ஸ்லோன்னு மட்டும்தான் சொல்றாங்க. மணியோட ஆரும் எழுதிக் குடுத்ததில்லை." அம்பது வீட்டுக்குப் போட்ட லைனில் இப்போது நூற்றைத் தாண்டிவிட்டது என்று அவரே சொன்னார். இந்தத் தாள்களைக் காட்டித்தான் மேலே கேட்டிருக்கிறார். மூன்று வாரத்தில் மேல் பாதையை அகலப்படுத்தினார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, அந்தத் தெரு முழுவதற்கும். அம்மாவுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. "நான் எழுதுன சீட்டுனாலதான் உங்களுக்கெல்லாம் சுத்தாம ஓடுது" என்று பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

இதில் அணா பைசா செலவு என்று பார்த்தால் லேன் வயர் ஒன்றுதான்.

அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மலை இடைவெளி வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். தென்னை மட்டை ஒன்று ஒயர் மேல் விழுந்து டிவி, இன்டர்நெட் இரண்டும் போய்விட்டது. அன்றைக்கு உடுமலையிலிருந்து சித்தி வந்திருந்தார். லைன் பார்க்கிற பையன் மலையாளி. போனை எடுத்தது சித்தி.

"மோடத்தில ரெட் லைட் கத்துன்னுண்டோ?" என்றிருக்கிறான். எரிகிறதா என்று அர்த்தம்.

"இல்ல தம்பி, அது சத்தமே போடலை. சும்மாதான் இருக்குது."

லைட் எரியவில்லை என்று நினைத்து அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான் :-) அம்மா அடுத்த நாள் அவனைப் பிடித்து மலையாளத்திலேயே விளக்கிய பிறகுதான் வந்தான். மோடத்தில் 'லாஸ்' என்று போட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். அப்போது மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதில் பலன் இல்லை, ஆள்தான் வர வேண்டும். இழை எங்கேயாவது அறுந்திருக்கும், அல்லது கூர்மையாக மடங்கியிருக்கும். ஃபைபரைத் துணிக்கொடி மாதிரி மடித்துக் கட்டக் கூடாது, மடிப்பில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

வெளியூரில் உட்கார்ந்துகொண்டு ஊர் டிவியைச் சரி செய்கிற என்னைப் போன்ற ஆட்களுக்குச் சில வார்த்தை. அடுத்த லீவில் போகும்போது மோடத்தின் ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். எது பச்சையாக இருக்க வேண்டும், எது சிவப்பானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று. மோடத்துக்குச் சின்ன பேட்டரி பேக்கப் ஒன்று வையுங்கள், கரண்டு வந்து வந்து போனால் அது ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கவே சில நிமிஷம் பிடிக்கும். பெட்டியில் தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா பாருங்கள், அது தப்பாக இருந்தால் சில செயலிகள் திறக்கவே திறக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

பெரிய பிளானுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு வாரம் மணி எழுதி வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்காதீர்கள். அந்த டிவியை நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். சுத்துகிற நேரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பின்குறிப்பு: டிவி சரியான பிறகும் அம்மா காலண்டர் தாளில் எழுதுவதை நிறுத்தவில்லை. போன வாரத் தாள் ஒன்றைப் பையன் அனுப்பியிருந்தான். "சுத்தலை. மட்டை நாலு விழுந்துது. பாப்பா வந்துட்டுப் போனா."